அம்மம்மாவுக்கு சனிக்கிழமை எந்தக் கோயில்?

சுதா: அம்மம்மா வெள்ளி ஜெர்மனிக்கு வந்திறங்குகிறா. சனி அம்மப்பாவின் ஆண்டு நினைவு. எந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது? இன்றைக்கே சொல்லுங்கோ, வாடகைக்கு வான் பிடிக்க வேணும்

ரமேஷ்: கெவெலார் மாதா கோயில்

சித்தி: அவ்வளவு தூரமோ? அம்மாவின் முழங்கால் தெரியும்தானே

பெரியப்பா: ஸ்பையர் பேராலயத்துக்குப் போவோம். மான்ஹைமில் இருந்து அரை மணித்தியாலம். பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1030 அளவில் தொடங்கியது. பேரன் நான்காம் ஹைன்ரிஷ் பாதியை இடித்துத் திரும்பக் கட்டி, 1106 அளவில் முடிந்தது. நீளம் 134 மீட்டர். ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியப் பாணியில் இன்றைக்கு நிற்கிற கோயில்களில் இதுதான் பெரிசு. முதலில் நடுக்கூடத்துக்கு மரக்கூரை. ஹைன்ரிஷ்தான் கல்லால் வளைவுக்கூரை போட்டவர். அந்தப் பாரத்தைத் தாங்க ஒன்றுவிட்டு ஒரு தூணைத் தடிப்பாக்கினார்கள். உள்ளே போனதும் பாருங்கோ, ஒரு தூண் மெல்லிசு, அடுத்தது தடிப்பு

சித்தி: படி எத்தனை அத்தான்

பெரியப்பா: கோபுரத்துக்கு 304

சித்தி: ஐயோ

பெரியப்பா: கோபுரம் ஏறச் சொன்னது யார்? நிலவறையைப் பார்க்க வேணும். 1041இல் மந்திரித்துப் புனிதமாக்கியது. வளைவுகளில் சிவப்புக் கல்லும் வெளிர்மஞ்சள் கல்லும் மாறி மாறி வைத்திருக்கிறார்கள்

ரமேஷ்: அதுக்கும் படிதானே

பாரிஸ் மாமா: எல்லாரும் இங்கே வாங்கோ, நோத்ர்தாம் காட்டுகிறேன்

பெரியப்பா: நீர் பேசாதையும். 1689இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படைதான் ஸ்பையர் கோயிலைக் கொளுத்தியது. மேற்குப் பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. 1794இல் பிரெஞ்சுப் படை திரும்ப வந்து உள்ளே இருந்ததையும் நாசமாக்கினார்கள்

ரமேஷ்: மாமா, நஷ்டஈடு எப்ப?

பாரிஸ் மாமா: 1806இல் இடிக்க இருந்ததை நிற்பாட்டியது நெப்போலியன். அதையும் எழுதுங்கோ அத்தான்

பெரியப்பா: மைன்ஸ் நகர ஆயர் போய்க் கெஞ்சினபடியால். இடிக்க நினைத்ததும் உங்கட ஆட்கள்தான்

சுதா: வான் 9 பேருக்கா 16 பேருக்கா???

சித்தி: சின்னண்ணை வருவாரோ

பெரியப்பா: நான்காம் ஹைன்ரிஷ் செத்தபோது அவர் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தார். ஐந்து வருஷம் சவப்பெட்டியை மந்திரிக்காத அஃப்ரா சிற்றாலயத்தில் வைத்திருந்தார்கள். 1111இல்தான் கோயிலுக்குள் அடக்கம்

ரமேஷ்: பெரியப்பா, இது சின்ன மாமாவைப் பற்றின பதிலா?

சித்தி: அத்தானும் சின்னண்ணையும் கதைக்காமல் விட்டது அதைவிடக் கூட

பெரியப்பா: நான் சரித்திரம் சொன்னேன்

பாரிஸ் மாமா: தங்கச்சியின் கல்யாணத்தில் அவனைப் படத்துக்கு நிற்கக் கூப்பிடாததும் சரித்திரம்தான்

பெரியப்பா: கோயில் வாசலில் பெரிய கல் கிண்ணம் ஒன்று இருக்கு. புது ஆயர் பதவியேற்றால் அதில் வைன் நிரப்பிச் சனத்துக்குக் கொடுப்பார்கள். 1,500 லீட்டருக்கு மேல் கொள்ளும்

ரமேஷ்: பாரிஸ் மாமாவுக்குக் காணாது

பாரிஸ் மாமா: டேய்

சித்தி: அம்மாவுக்கு இப்ப போன் எடுத்தேன். மாதா சுரூபம் இருக்கோ என்று மட்டும்தான் கேட்டா

பெரியப்பா: இருக்கு. கோயிலே மாதாவுக்கும் புனித முடியப்பர் என்கிற ஸ்தேவானுக்கும் நேர்ந்தது

சுதா: அப்ப ஸ்பையரா?

ரமேஷ்: நான் இன்னும் கெவெலார்தான்

சித்தி: இடியப்பம் நான் அவிக்கிறேன். சொதி யார்?

சுதா: சரி, 9 பேர் வான் சொல்கிறேன். மிச்ச ஆட்கள் காரில்

பாரிஸ் மாமா: யாருடைய காரில்?

சித்தி: சின்னண்ணை கேட்கிறார், எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறதாம்

ரமேஷ்: அவரும் இந்தக் குழுவில்தானே இருக்கிறார்