ஆறாம் தலைமுறை ஐ3 பெட்டிகளில் லினக்ஸ்: வன்பொருள் ஒத்துழைக்குமா?

மன்னை_கணினியகம்:
எங்கள் கடையில் 2016-இல் வாங்கிய ஆறு மேசைக் கணினிகள் உள்ளன. எல்லாமே இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை அநேகமாக ஏற்பதே இல்லை. நன்றாக ஓடும் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. விண்ணப்பம் நிரப்புவது, பிரிண்ட், ஸ்கேன், மாதக் கடைசியில் டேலி மென்பொருளில் கணக்கு, இவைதான் எங்கள் வேலை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாமா?

பென்குயின்_தாசன்:
தயங்காமல் மாறுங்கள். இந்த வயதுடைய இன்டெல் கணினிகளில் திரை, ஒலி, லேன் ஆகியவற்றை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருப்பதால், தனியாக எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. "லினக்ஸில் வன்பொருள் வேலை செய்யாது" என்பது பழைய காலத்துப் பேச்சு. என் வீட்டில் இருபது ஆண்டுப் பழைய ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அதன் நிறுவனம் 64-பிட் விண்டோஸுக்கு டிரைவரே வெளியிடாமல் கைகழுவிவிட்டது. அதே ஸ்கேனர் லினக்ஸில், சேன் என்னும் ஸ்கேனர் மென்பொருளின் தயவில், கேபிளைச் செருகியவுடன் விளக்கெரிந்து வேலை செய்கிறது.

சேலத்துக் கணக்கர்:
தாசன் அவர்களே, கணினி ஓடும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. கடை ஓடுமா என்பதுதான் கேள்வி. வன்பொருள் என்றால் பெட்டிக்குள் இருப்பது மட்டுமா? சிறு கடைகளில் காணப்படும் மலிவான லேசர் பிரிண்டர்கள் பலவும் பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, தமக்கே உரிய மொழியில் வரும் தரவை மட்டும் அச்சிடுபவை. அந்த மொழி தெரிந்த டிரைவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டிதான். அடுத்து, ஆதார் சரிபார்க்கும் கைரேகைக் கருவி, கணக்குத் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்பத்தை வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கன். டேலி எழுதப்பட்டிருப்பதே விண்டோஸுக்குத்தான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம் என்று சொல்பவர்களிடம் என் கட்சிக்காரர்களின் கணக்கை நான் ஒப்படைக்க மாட்டேன்.

பென்குயின்_தாசன்:
நீங்கள் அடுக்கிய குறைகளில் எதுவும் லினக்ஸின் குறையன்று. தங்கள் கருவியின் விவரங்களைப் பூட்டி வைக்கும் நிறுவனங்களின் குறை. 2012-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே கடுமையாகச் சாடிய கிராஃபிக்ஸ் அட்டை நிறுவனமான என்விடியாகூட, 2022 மே மாதம் தன் கர்னல் டிரைவரின் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது. இப்போது வரும் நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவும் தனி டிரைவரே கேட்பதில்லை.

சேலத்துக் கணக்கர்:
குறை யாருடையதாக இருந்தால் என்ன? விண்ணப்பத்தின் கடைசி நாளன்று வரிசையில் நிற்கும் மாணவனிடம் "இது நிறுவனத்தின் தவறு" என்று சொல்லி அனுப்ப முடியுமா? என்விடியா கதையையும் முழுமையாகச் சொல்லுங்கள். வெளியிட்ட நிரல் டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே. பழைய ஃபெர்மி அட்டைகளுக்கான 390 வரிசை டிரைவருக்கு 2022-உடன் ஆதரவு முடிந்தது. பழைய பொருளைக் கைவிடுவது விண்டோஸ் பக்கத்தில் மட்டும் நடப்பதில்லை.

பழுது பார்ப்பவன்:
இருவரும் சொல்வது சரிதான். ஆனால் ஒருவர் பெட்டியைப் பற்றியும் மற்றவர் அதில் செருகும் பொருள்களைப் பற்றியும் பேசுகிறீர்கள். மன்னைக்காரர் முதலில் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றி, எதையும் நிறுவாமல் லைவ் ஆக ஓட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு கருவியையும் செருகி, உண்மையான வேலையைச் செய்து பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் தெரிகிறது என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நிறுவும்போது ஹார்டு டிஸ்கே தென்படவில்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் சேமிப்பகம் ரெய்டு என்னும் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎச்சிஐ என்னும் வழக்கமான முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை அப்படியே மாற்றினால் பழைய விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸைத் தொடுவதற்கு முன்பே 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். அதை எழுதி வைக்காமல் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

மன்னை_கணினியகம்:
சோதித்துவிட்டேன் ஐயா. ஆறு பெட்டிகளிலும் திரை, ஒலி, லேன் எதுவும் தகராறு செய்யவில்லை. ஸ்கேனர் விண்டோஸைவிட விரைவாகவே எழுந்தது. பிரிண்டர்தான் ஏமாற்றியது. பெயர் வந்தது, சேர்ந்துகொண்டது, சோதனைப் பக்கம் அனுப்பினால் "முடிந்தது" என்றும் காட்டியது. ஆனால் தாள் நகரவே இல்லை. கைரேகைக் கருவி செருகிய யுஎஸ்பி கருவிகளைக் காட்டும் lsusb கட்டளையின் பட்டியலில் தெரிகிறது, அதை இயக்கும் நிரல் விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்கிறது. நான்கு பெட்டிகளை மாற்றிவிட்டு இரண்டை அப்படியே வைத்தால் என்ன? மற்றவற்றில் பிடிஎஃப் ஆக்கிப் பகிர்ந்த கோப்புறையில் போட்டு, விண்டோஸ் பெட்டியிலிருந்து அச்சிடலாம் என்று நினைக்கிறேன்.

பென்குயின்_தாசன்:
பிரிண்டர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். நான்கு பெட்டிகள் பிழைத்ததே எனக்குப் போதும்.

சேலத்துக் கணக்கர்:
இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மிஞ்சும் இரண்டில்தான் கையொப்ப டோக்கனும் கணக்கும் இருக்கப் போகின்றன. பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் அவற்றை வைத்திருப்பது உள்ளதிலேயே மோசமான முடிவு. திருத்தங்களை மட்டும் கூடுதல் காலத்துக்குத் தரும் நீட்டிப்பில் சேருங்கள், அல்லது ஒரு புதிய கணினியாவது வாங்குங்கள். கடைசி நாள் கூட்டத்தில் பத்துப் பேரின் பிடிஎஃப் ஒரே கோப்புறையில் குவிந்தால் யாருடையது எது என்று யார் பிரிப்பார்கள்?

மன்னை_கணினியகம்:
பிரிப்பதற்கு வாடிக்கையாளரின் வரிசை எண்ணையே கோப்புப் பெயராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கணக்கு வைத்திருக்கும் பெட்டிக்குப் பதிலாக ஒரு புதிய கணினிக்கு விலை கேட்டாயிற்று. பொதுவான அச்சு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ளும் பழைய அலுவலகப் பிரிண்டர் ஒன்றும் தஞ்சாவூரில் விலைக்கு இருக்கிறதாம். பென் டிரைவோடு போய், அங்கேயே ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.