இலைப்புள்ளி: என் கத்தரிக்கோல் செய்த வேலை

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள், இலையில் புள்ளி வந்தபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அந்தூரியம் செடிக்கு ஈரப்பதம் பிடிக்கும் என்பதால் தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் ஸ்பிரேயரால் இலையெல்லாம் நனைப்பேன். ஒரு மாதம் செழிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஓர் இலையின் ஓரத்தில், அடிப்பக்கமாக, எண்ணெய் பட்ட காகிதம் போல ஈரத் திட்டுகள் தெரிந்தன. சில நாளில் அவை பழுப்பாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டியது. பூஞ்சைதான் என்று நானே முடிவு கட்டிப் பூஞ்சைக்கொல்லி அடித்தேன். இரண்டு முறை அடித்தும் புள்ளி அடுத்த இலைக்குத் தாவியது. கெட்ட இலைகளை வெட்டி எடுத்தேன். அதே கையோடு, அதே கத்தரிக்கோலால், பக்கத்துத் தொட்டி அக்லோனிமாவில் காய்ந்திருந்த இலைகளையும் நறுக்கினேன். இன்றும் மனதை அறுப்பது அந்த ஒரு காரியம்தான். மூன்று வாரத்தில் அக்லோனிமாவிலும் அதே ஈரத் திட்டு.

செடி நோய்கள் பற்றிப் படித்த ஒருவரிடம் இலையைக் காட்டிய பிறகுதான் அது சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. இரண்டு செடியும் சேம்புக் குடும்பம். விடிகாலையில் இந்தச் செடிகளின் இலை ஓரத்தில் நீர் முத்துக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் உறிஞ்சிய தண்ணீர் ஓரத்துத் துளைகள் வழியாகக் கசிவது அது. கிருமி உள்ளே புகுவதும் அதே துளை வழியாகத்தான். நான் ராத்திரி முழுக்க இலையை ஈரமாக வைத்து அதற்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறேன். பூஞ்சைக்கான மருந்துகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தொடுவதில்லை. செம்பு சேர்ந்த மருந்து பரவுவதை ஓரளவு தடுக்கும், இலைக்குள் போய்விட்டதைக் கொல்லாது.

அந்தூரியத்தில் தண்டின் அடிவரை போய்விட்டது. மண்ணோடு பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். அக்லோனிமாவைத் தனி அறைக்கு மாற்றி, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துத் துடைத்து இலைகளை எடுத்தேன்.

*

அக்கா, எனக்கு வந்தது நிஜமாகவே பூஞ்சை. ரப்பர் செடி. புள்ளி உலர்ந்து, உள்ளே வளையம் வளையமாக இருந்தது. நடுவில் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் நிறைய. அந்தப் பொட்டுகளிலிருந்துதான் பூஞ்சையைப் பரப்பும் வித்துகள் வருகின்றன, தண்ணீர் தெறிக்கும்போது அடுத்த இலைக்குப் போகின்றன. இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் வித்து முளைக்கும் என்று தெரிந்ததும் என் தவறு புரிந்தது. அழகுக்காகப் பத்துத் தொட்டியை ஒரே மூலையில் நெருக்கி வைத்திருந்தேன். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் மாலைவரை காயவில்லை.

புள்ளி விழுந்த இலைகளையும் தொட்டியில் உதிர்ந்து கிடந்தவற்றையும் பொறுக்கி எடுத்தேன். செடிகளை ஒன்றையொன்று உரசாமல் தள்ளி வைத்தேன், காலையில் மண்ணில் மட்டும் தண்ணீர், பகலில் மெதுவாக ஓடும் மின்விசிறி. மருந்து அடிக்கவே இல்லை. அதன்பின் வந்த துளிர் எல்லாம் சுத்தம். பழைய புள்ளி மறையும் என்று மட்டும் யாரும் காத்திருக்காதீர்கள், செத்த திசு திரும்பப் பச்சையாகாது.

*

என் பங்குக்கு, எல்லாப் புள்ளியும் நோய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கலாத்தியாவில் வெளிறிய பழுப்புத் திட்டுகள் வந்தன. பதறிப்போய் வேப்பெண்ணெய் கரைசலை அடித்து, வழக்கம்போல ஜன்னல் ஓரத்திலேயே வைத்தேன். மறுநாள் பாதி இலை கருகிவிட்டது. பிறகு பார்த்தால், திட்டு இருந்ததெல்லாம் ஜன்னலைப் பார்த்த பக்கத்து இலைகளில் மட்டும். வெறும் வெயில் சுட்டது, எண்ணெய் பூசி நானே இன்னும் சுட வைத்திருக்கிறேன். பாவம் அந்தச் செடி.

ஆப்பிரிக்க வயலட் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். இலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே வெள்ளை வளையம் விழும்.

*

அந்தூரியக் கதை எழுதிய நான்தான் மறுபடியும். நோயா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனத் தனியாகக் கேட்டவர்களுக்கு: இப்போது நான் புள்ளியின் விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் லேசாகக் கோடு போட்டுவிடுகிறேன். ஒரு வாரம் கழித்தும் கோட்டுக்குள்ளேயே இருந்தால் வெயிலோ, தண்ணீரோ, பழைய காயமோதான். கோட்டைத் தாண்டினால் அன்றே செடியைப் பிரித்து வைத்துவிடுவேன். மருந்தைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான். புதுச் செடி வந்தாலும் சில வாரம் தனியாகவே வைக்கிறேன்.

அக்லோனிமா நாலு புது இலை விட்டிருக்கிறது. தினமும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், இதுவரை ஒரு திட்டும் இல்லை. ஆனாலும் மற்ற செடிகளோடு சேர்க்க இன்னும் மனம் வரவில்லை.