டர்பன்–ஜோபர்க் ஆறு மணி நேரமாம்!

டோல்கேட் தம்பி: ஜூலை விடுமுறைக்கு 3, 5 வயதுப் பிள்ளைகளோடு டர்பனிலிருந்து காரில் ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாமா என்று பீனிக்ஸ் அம்மா கேட்டிருந்தார். அதற்கு சாட்ஸ்வர்த் சாரதி அண்ணன் சொன்னது: “காலை 4-க்குக் கிளம்பு, 10-க்கு வாசலில் நிற்கலாம். ஆறு மணி நேரம்தான், பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.” வாசித்ததும் எரிச்சலாக வந்தது. அண்ணே, நீங்கள் கூட்டிப் போனது பிள்ளைகளையா, அரிசி மூட்டையையா?

சாட்ஸ்வர்த் சாரதி: சுமார் 570 கிலோமீட்டர், 120 வரை ஓட்டலாம். கணக்குப் போடத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய? ஆறு மணி நேரம்.

இரட்டையர் அம்மா: மூய் ரிவர் டோலுக்கு முன்பே ஒருத்திக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. ஹாரிஸ்மித்தில் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது இன்னொருத்தியின் ஒரு செருப்பு மட்டும் காணோம். அதற்கு முன்பே வான் ரீனன் மலைப்பாதை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது, தின்ற மாங்காய் ஊறுகாய் முழுவதும் சீட்டில். ஒன்பதரை மணி நேரம். அந்த வாடை இன்னும் போகவில்லை.

சாட்ஸ்வர்த் சாரதி: பயணத்தில் பிள்ளைக்கு ஊறுகாய் கொடுத்தது யார் தப்பு? சாலை தப்பா?

புதியவன்: நிற்கிற நேரத்தையும் சேர்த்தா, வண்டி ஓடுகிற நேரம் மட்டுமா? அதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

சாட்ஸ்வர்த் சாரதி: ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். 1994-இலிருந்து அந்தச் சாலையில் ஓட்டுகிறேன்.

டோல்கேட் தம்பி: ஓட்டினீர்கள் சரி, போன ஈஸ்டருக்கு ஜோபர்க் பக்கம் லெனேசியாவில் எங்கள் வீட்டுக்குப் பகல் 11-க்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாலை 4-க்கு வந்தது யார்? பிரியாணிதான் ஆறியது, ஆறு மணி நேரம் எங்கே போனது?

சாட்ஸ்வர்த் சாரதி: அன்று டர்பன் பக்கம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிவிட்டுக் கிளம்பினேன். அதைப் பயணத்தில் சேர்க்கக் கூடாது. அப்புறம், அந்தப் பிரியாணி சூடாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

டோல்கேட் தம்பி: என் அம்மா சமைத்ததைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கடற்கரைக்காரி: இவ்வளவு பாடு எதற்கு? உஷாகா கடல் பூங்கா நம் டர்பன் வாசலிலேயே இருக்கிறது. பழைய கப்பல் மாதிரி கட்டிய இடத்துக்குள் சுறாவைப் பார்க்கலாம், பத்து நிமிடத்தில் வீடு. ஜூலையில் ஜோபர்க்கில் விடிகாலை விறைக்கும், இங்கே நமக்கு ஸ்வெட்டர்கூட வேண்டாம்.

லெனேசியா லோகு: மீன் தொட்டியும் சறுக்கு மரமும் தங்கச் சுரங்கமும் ஒன்றா? கோல்ட் ரீஃப் சிட்டி, கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்க நிறுவனத்தின் 14-ஆம் எண் சுரங்கம் இருந்த இடம். தங்கத்தை உருக்கி ஊற்றுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். டர்பன்காரர்களுக்குக் கடலைத் தாண்டி எதுவும் தெரியாது.

கடற்கரைக்காரி: மூன்று வயதுக்காரன் தங்கத்தைப் பார்த்து நகை செய்யச் சொல்வானா? பெரிய ரோலர் கோஸ்டர் எதிலும் உயரம் போதாமல் ஏற்ற மாட்டார்கள். என் அக்கா மகன் அளவுப் பலகை முன்னால் நுனிக்காலில் நின்று பார்த்தான், பாவம். கடைசியில் அழுகைதான்.

பீனிக்ஸ் அம்மா: சின்னவர்களுக்கென்று தனி ராட்டினங்கள் உண்டு என்றார்கள். அவை எப்படி? யாராவது சொல்லுங்களேன்.

இரட்டையர் அம்மா: 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி, இந்த N3 நெடுஞ்சாலையையே மூடினார்களே, மறந்துவிட்டதா? ராத்திரி முழுக்க வண்டிக்குள் கிடந்தார்கள். ஜூலையில் இரண்டு கம்பளியாவது எடுத்து வையுங்கள்.

சாட்ஸ்வர்த் சாரதி: ஒரு நாள் பனியை வைத்து என் 30 வருட அனுபவத்தை அளக்காதீர்கள். நல்ல நாளில் ஆறு. மழை நாளில் ஆறேகால்.

டோல்கேட் தம்பி: ஆஹா, கால் ஏறிவிட்டது!

சாட்ஸ்வர்த் சாரதி: ஏறவில்லை. மழையைச் சொன்னேன். தமிழ் வாசிக்கத் தெரியாதா?

டோல்கேட் தம்பி: தெரியும் அண்ணே. மணி பார்க்கவும் தெரியும்.

சாட்ஸ்வர்த் சாரதி: அப்படியானால் சனிக்கிழமை 4-க்கு என் வண்டியில் ஏறு. ஊறுகாய் கொண்டுவராதே.