எந்த மேடை ஜெயிச்சது? – கோபி பங்காளிக வாட்ஸ்அப் குரூப்

பிரவீன்: கவினண்ணா, சோனி, மைக்ரோசாஃப்ட் ரெண்டு பேரோட இ3 மேடையையும், அதான் அமெரிக்காவுல வருசா வருசம் நடந்துட்டிருந்த வீடியோ கேம் கண்காட்சி, பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாக்கோணும். எந்த வருசத்த எடுக்கறதுங்ணா?

கவின்: 2013ஐ எடு தம்பி, வேற யோசனையே வேண்டாம். ஜூன் 10, லாஸ் ஏஞ்சலஸ். ஒரே நாள்ல காலைல மைக்ரோசாஃப்ட், சாயங்காலம் சோனி. அவங்க கேம் பெட்டி எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர்னு காலைலயே சொல்லிப்போட்டாங்க. சாயங்காலம் சோனி அவங்க பெட்டி பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) 399ன்னுச்சு. ஒரு நம்பர்லயே அந்த நாள் முடிஞ்சுது.

சுகன்யா: அந்த 100 டாலர அப்பிடியே எழுதிக்காத பிரவீனு. எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்குள்ளயே கினெக்ட்ங்கற கேமரா இருந்துச்சு. பிஎஸ்4 கேமரா தனியா 59. கேமராவோட சேத்தா 458க்கும் 499க்கும் 41தான் வித்தியாசம்.

கவின்: சேரி சுகன்யா, ஆனா கேமரா வேண்டாங்கறவங்களுக்கு எக்ஸ்பாக்ஸ்ல வழியே இல்லியே. கினெக்ட் இல்லாத 399 பெட்டி அடுத்த வருசம் ஜூன்லதான் வந்துச்சு.

கவின்: வெலைய விடப் பெரிய அடி டிஸ்க்குலதான். மைக்ரோசாஃப்ட் விதிப்படி 24 மணி நேரத்துக்கு ஒருக்கா நெட்ல செக் ஆகோணும். டிஸ்க்க ஒரு ஃபிரெண்டுக்கு ஒரே ஒரு தடவதான் குடுக்கலாம், அவரும் 30 நாளாவது நம்ம ஃபிரெண்ட் லிஸ்ட்ல இருந்திருக்கோணும். சோனி மேடைல அவங்க அமெரிக்கத் தலைவர் ஜாக் ட்ரெட்டன் பழைய டிஸ்க்குக்குத் தடையே இல்லைன்னாரு. கேம எப்பிடி ஷேர் பண்றதுன்னு ஒரு குட்டி வீடியோவும் விட்டாங்க: ஒருத்தர் கேம் டிஸ்க்க நீட்டறாரு, இன்னொருத்தர் வாங்கிக்கறாரு. அவ்வளவுதான். ஜூன் 19லயே மைக்ரோசாஃப்ட் அந்த விதியத் தூக்கிருச்சு.

சுகன்யா: தூக்குனப்ப நல்லதும் சேந்து போச்சு. டிஸ்க் போடாமயே ஆடறது, குடும்பத்துக்குள்ள கேம் லைப்ரரிய ஷேர் பண்றது ரெண்டும் அந்தத் திட்டத்தோட ஒட்டி இருந்தது.

பிரவீன்: அப்ப சோனி எல்லாத்தையும் நேராச் சொல்லிட்டாங்களாக்கா?

சுகன்யா: எங்க! பிஎஸ்3ல ஆன்லைன்ல கூடி ஆடறது இலவசம். பிஎஸ்4ல அதுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேணும், அப்ப வருசத்துக்கு 50 டாலர். அதே மேடைல அத வெரசாச் சொல்லித் தாண்டிட்டாங்க. மூணு வருசம் ஆன்லைன்ல ஆடறதுன்னா 399 இல்ல, 549. எக்ஸ்பாக்ஸோட ஆன்லைன் சந்தா லைவ் கோல்டும் வருசம் 60 கேட்டுச்சு, அதையும் கூட்டிக்கோ.

சம்பத் மாமா: ஏங்கண்ணு, நம்மூரு வெலைய அந்த மேடைல சொன்னாங்களா?

கவின்: இல்லீங் மாமா. பிஎஸ்4 இங்க 2014 ஜனவரில 39,990க்கு வந்துச்சுங். எக்ஸ்பாக்ஸ் ஒன் செப்டம்பர் வரைக்கும் வரவேயில்ல, வந்தப்ப கினெக்டோட 45,990. டாலர் வெலைய ரூவாயா மாத்துனா நம்மூரு கணக்குக்கு ஒத்தே வராதுங்.

பிரவீன்: கிராஃபிக்ஸ ஒப்பிடறது எப்பிடிங்க்கா?

சுகன்யா: இதுலதான் முக்காவாசிப் பேரு ஏமாறறாங்க. மொதல்ல ட்ரெய்லர் ஆரம்பத்துலயும் கடைசிலயும் வர்ற பொடி எழுத்தப் படி. 'இன்-எஞ்சின்'னு போட்டா கேம் செய்யற சாஃப்ட்வேரான எஞ்சின்ல செஞ்ச காட்சின்னுதான் அர்த்தம், நாம ஆடப்போறதுன்னு அர்த்தமில்ல. 'பிஎஸ்5ல பதிவு செஞ்சது'ன்னு இருந்தா கொஞ்சம் நம்பலாம். அப்பறம் கம்ப்யூட்டர்ல யூடியூப நிறுத்திட்டு புள்ளி பட்டன அமுக்கு, ஒவ்வொரு ஃபிரேமா, அதாவது ஒவ்வொரு படமா, நகரும். செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடற வீடியோல ரெண்டு ரெண்டு ஃபிரேம் ஒரே மாதிரி வந்தா கேம் 30லதான் ஓடுது. வீடியோவே 30ன்னா இந்தக் கணக்கு செல்லாது. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' தொறந்தா எத்தனைன்னு காட்டும். யூடியூப்ல 60 வந்ததே 2014 கடைசிலதான், அதனால 2013 பதிவுல எண்ணாத.

கவின்: புல்லு, மழை, பொகை கட்டங்கட்டமாத் தெரிஞ்சா கேம் மேல பழி போடாத. அது லைவ் வீடியோவச் சுருக்கறதால வர்றது. நெசமான வித்தியாசம் பெட்டிக்குள்ள இருந்துச்சு: பிஎஸ்4ல ஜிடிடிஆர்5ங்கற வேகமான மெமரி 8 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் ஒன்ல டிடிஆர்3ங்கற மெதுவான மெமரி 8 ஜிபி, அதோட ஈஎஸ்ரேம்ங்கற வேகமான குட்டி மெமரி 32 எம்பி. அந்த 32 எம்பிக்குள்ள 1080பி படத்த அடக்கறது செரமம். கால் ஆஃப் டியூட்டி கோஸ்ட்ஸ் கேம் பிஎஸ்4ல தெளிவான 1080பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்ல அதவிடக் கொறஞ்ச 720பின்னு வந்தப்பதான் எல்லாத்துக்கும் புரிஞ்சுது.

பிரவீன்: 2015உம் பாக்கலாமாங்ணா? சோனி லாஸ்ட் கார்டியன், ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக், ஷென்மு 3 மூணு கேமையும் ஒரே மேடைல காட்டுனாங்களே.

கவின்: பாரு, ஆனா தேதியோட பாரு. லாஸ்ட் கார்டியன் 2016 டிசம்பர், ஷென்மு 2019, ரீமேக் 2020ல. அதே 2015ல மைக்ரோசாஃப்ட் அவங்க பழைய பெட்டி எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பலதும் எக்ஸ்பாக்ஸ் ஒன்ல ஓடும்னுச்சு, அந்த வருசமே குடுத்துச்சு. அந்த வருசம் என்ற ஓட்டு மைக்ரோசாஃப்டுக்குத்தான்.

சுகன்யா: எனக்கு சோனிதான். மூணும் லேட்டாத்தான் வந்துச்சு, ஆனா மூணும் வந்துச்சில்ல?

பிரவீன்: 2006ங்க்கா?

சுகன்யா: கட்டாயம் எடு. பிஎஸ்3 20 ஜிபி 499, 60 ஜிபி 599. போட்டிக்கு நின்ன 360 அப்பவே கடைல 299க்கும் 399க்கும் கெடச்சுது. மே மாசம் இ3ல 20 ஜிபி பெட்டில டிவிக்குத் தெளிவாப் படம் அனுப்பற ஹெச்டிஎம்ஐ சொருகி கெடையாதுன்னாங்க, செப்டம்பர்ல டோக்கியோ கேம் ஷோல உண்டுன்னு மாத்திட்டாங்க. மே வீடியோவ மட்டும் எடுத்து வெக்காத, டோக்கியோ பதிவையும் சேத்து எறக்கிக்கோ.

பிரவீன்: சேரீங்க்கா, ரெண்டையும் எறக்கிடறன்.