ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்டு மெக்கானிக் வந்த கதை

நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. 1147 சிசி இன்ஜின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், இரண்டே சீட். லாரியில் ஏற்றி கொழிஞ்சாம்பாறை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மலை மழையில் ஊறிய வண்டி, கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு இரண்டு பக்கமும் விரலால் குத்தினாலே உதிர்ந்தது.

நானும் டிங்கர் தம்பியும் சேர்ந்து ஒரு பக்கத்துச் சில்லை வெட்டி எடுத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பக்கக் கதவு மூடவில்லை. அதே ட்ரையம்ப் கம்பெனியின் ஹெரால்டு காரில் சேஸிஸின் ஓரத்திலேயே சட்டம் ஓடும், ஸ்பிட்ஃபயரில் அது கிடையாது, சில் தகடுதான் பாடியின் பாரத்தைத் தாங்குகிறது, அதை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, அளவு பார்த்துப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. தயவுசெய்து யாரும் குழாய் வைக்காமல் சில்லில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் வந்தார் ராவுத்தர் பாய். எழுபத்தைந்து வயது இருக்கும், இளவயதில் கோயம்புத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ரிப்பேர் பார்த்த மெக்கானிக், இப்போது மீனாட்சிபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்ததும் குனிந்து பார்த்தார். "தம்பி, இது நம்ம ஹெரால்டோட காலுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான். மதராஸில் 1961 முதல் அசெம்பிள் செய்த அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. நம் ஊர்ப்பக்கம் இந்த வண்டியைத் தெரிந்த கைகள் இன்னும் இருப்பதற்கு அந்த மதராஸ் ஹெரால்டுதான் காரணம்.

"இதுல என்ன அடிச்சிருக்கீங்க?" என்று முன்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டைக் காட்டிக் கேட்டார். கிரீஸ்தான் பாய், நல்ல கிரீஸ் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை மரை போட்டு அந்த வெண்கலத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழல்கிறது. கிரீஸ் கெட்டியாகி அடி வரைக்கும் போகாது, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். இரும்பு உள்ளேயே துருப்பிடித்து ஒரு நாள் ஓடும்போதே ஒடியும், சக்கரம் மடங்கிவிடும். அதற்கு 90 கியர் ஆயில்தான். கழற்றிப் பார்த்தோம், இடதுபக்க மரையில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது. அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், நெல்லியாம்பதி மலைப்பாதையில்தான் முதல் ஓட்டம் என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு பக்கத்துக்கும் புதிது இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன்.

மாருதி இன்ஜின் வைத்துவிடு, தொல்லை இல்லை என்று நிறைய பேர் சொன்னார்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியில் பாடி, சேஸிஸ், இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன், அந்த இரட்டைக் கார்புரேட்டர் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தத்துக்காகத்தானே இவ்வளவும். செய்தது சின்ன மாற்றம்தான். பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிடிவ் எர்த் வண்டி என்பதால், எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதற்கு முன் பேட்டரியைத் திருப்பி நெகடிவ் எர்த் ஆக்கி, காயில் ஒயர்களை மாற்றி, டைனமோவையும் புது முனைக்குப் பழக்கினோம்.

ராவுத்தர் பாய் தன்னுடைய ஆயில் கன்னையே எனக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குழாய்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், சித்தூர் தாலுகா பக்கம் யாராவது ஸ்பிட்ஃபயர் சில்லை வெட்டப் போகிறீர்கள் என்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.