புதுப்பிப்பு: 52−27=35 என்று எழுதிய பிள்ளைகள் – குச்சிக் கட்டு கைகொடுத்தது

மூன்றாம் வகுப்பில் சிலர் 52−27 என்றால் 35 என்றே எழுதுகிறார்கள், எத்தனை முறை விளக்கியும் மாறவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது குச்சிக் கட்டு யோசனைதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. "இதிலிருந்து 27 எடுத்துக் கொடு" என்றேன். நோட்டில் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடும் சிறுமி, உதிரி இரண்டே இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். அப்புறம் தானாகவே ஒரு கட்டைப் பிரித்தாள். இப்போது 12 உதிரி! அந்த நேரத்தில் நாம் வாயே திறக்கக் கூடாது.

ஆனால் குச்சியை விட்டு நேராக நோட்டுக்குப் போனதும் சிலர் மறுபடி 35-க்கே திரும்பினார்கள். நடுவில் படம் வரையச் சொல்லுங்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தது இங்கேதான் உதவியது: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. செயல், படம், குறியீடு என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்ன அதே வரிசை.

எதிர்பாராதது ஒன்று. எப்போதும் சரியாகப் போடும் பையனுக்கு, மேலே எழுதும் சின்ன 1 உண்மையில் பத்து என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் தடுமாறும் பிள்ளைகளை மட்டும் தனியே உட்கார வைக்காமல், குச்சியை எல்லோர் கையிலும் கொடுங்கள்.

304−128 போல நடுவில் பூஜ்யம் வந்தால் இன்னும் திணறல் இருக்கிறது. பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டி, அதைப் பிரிக்க வைத்து அடுத்துப் பார்க்கப் போகிறேன்.