ஏஹாபுக்குக் கப்பல், பெர்த்தாவுக்குப் பூட்டிய அறை

ஊட்டி வாசகன்:
போன ஞாயிறு கோத்தகிரியில் நம் வாசிப்பு வட்டம் கூடியபோது மழை பிடித்துக்கொண்டதால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம். விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன். வராதவர்களுக்கு: அன்று பேசிய நாவல் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்'. ஒரு வெள்ளைத் திமிங்கிலம் கேப்டன் ஏஹாபின் காலைப் பறித்துவிடுகிறது. அதைப் பழிவாங்க அவன் கப்பலோடும் ஆட்களோடும் கடல் கடலாக அலைகிறான். முடிவில் கதை சொல்கிற இஷ்மேலைத் தவிர எல்லோரும் சாகிறார்கள்.

"இவனை எதற்கு நாயகன் என்கிறீர்கள்? வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தன் இருக்கிறான்" என்று டீச்சர் கேட்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குறையே இல்லாத ஆளை வைத்து யார் பெரிய கதை எழுதியிருக்கிறார்கள்? தருமன் சூதாடவில்லை என்றால் பாரதம் ஏது? ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் முகஸ்துதிக்கு மயங்கவில்லை என்றால் அந்த நாடகம் ஏது? அதிலும் ஏஹாப் தன்னைத் தெரிந்தவன். தன் வழிமுறைகள் எல்லாம் புத்தியோடுதான் இருக்கின்றன, நோக்கம்தான் பித்து என்று அவனே உணர்கிறான். தன் பித்தைத் தானே நேராகப் பார்க்கும் மனிதனை எனக்கு வெறுக்க முடியவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, வெறுக்கச் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் நிற்பவர்களையும் பாருங்கள் என்கிறேன். 'ரேச்சல்' என்ற கப்பல் எதிரே வருகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். அதன் கேப்டனுக்குப் பன்னிரண்டு வயது மகன். அவன் போன படகு கடலில் காணாமல் போய்விட்டது. சேர்ந்து தேடுங்கள் என்று அந்தத் தகப்பன் கெஞ்சுகிறான். ஏஹாபுக்கும் வீட்டில் ஒரு பையன் உண்டு. அதைச் சொல்லியும் கேட்கிறான். நேரம் போகிறது என்று ஏஹாப் மறுத்துவிடுகிறான். தன் பித்தைத் தெரிந்தவன் என்கிறீர்களே, தெரிந்துகொண்டே அப்படிச் செய்பவனை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

இது வெள்ளைக்காரர் கதைகளில் மட்டும் இருப்பதில்லை. நம் சங்கப் பாட்டில் மடலேறுதல் இருக்கிறது. காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர் நடுத்தெருவில் வருவான். ஊர் அவனுக்காக இரங்கும். அதே தவிப்பு பெண்ணுக்கு வந்தால்? கடல்போல் காமம் பெருகினாலும் மடலேறாதிருப்பதுதான் பெண்ணின் பெருமை என்கிறார் வள்ளுவர், 1137ஆம் குறளில். குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவி, முட்டுவேனா, தாக்குவேனா, ஓவென்று கத்துவேனா என்று தவிக்கிறாள். அவள் நோய் தெரியாமல் ஊர் தூங்குகிறது. ஆணின் பித்துக்குத் தெரு. பெண்ணின் பித்துக்கு அவள் நெஞ்சுக்குழி. முப்பது வருஷம் இந்தப் பாட்டுகளை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குன்னூர் வாசகி:
டீச்சர் சொன்னதுக்கு 'ஜேன் அயர்' போல வேறு சாட்சி வேண்டாம். சார்லட் பிராண்டே 1847இல் எழுதியது. அதன் நாயகன் ராச்செஸ்டர் தன் மனைவி பெர்த்தாவைப் பத்து வருஷமாக மூன்றாம் மாடியில் பூட்டி வைத்திருக்கிறான். அவளுக்குப் பைத்தியம், அது அவள் குடும்பத்திலேயே உள்ளது என்பதெல்லாம் அவன் வாயால் நாம் கேட்பது. நாவல் முழுக்க அவள் சிரிப்பும் உறுமலும் காதில் விழுகின்றன, அவள் தன் கதையைச் சொல்வதாக ஒரு இடம்கூட இல்லை. காலேஜில் படித்தபோது நான் ராச்செஸ்டருக்காக அழுதவள். அவளுக்காக ஒரு சொட்டுக்கூட விடவில்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அவளுக்கு ஒரு பெயரும் குழந்தைப் பருவமும் குரலும் கொடுத்தார். பெயர் ஆன்டனெட். பெர்த்தா என்பது கணவன் வைத்த பெயர். நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊட்டி வாசகன்:
ராச்செஸ்டர் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். ஆனாலும் ஒன்று. வீடு பற்றி எரியும்போது அவளைக் காப்பாற்றத்தான் அவன் கூரைக்கு ஏறுகிறான். கையும் கண்ணும் போகிறது. அதையும் எழுதியவர் பிராண்டேதான். ரேச்சல் கப்பலை எழுதியவரும் மெல்வில்தான். பாத்திரத்தின் கொடுமையை நம் கண்ணில் காட்டியவரே எழுத்தாளர் என்றால், அந்தப் புத்தகத்தின் மேல் என்ன குற்றம்? திருந்திய பிறகுதான் கதைக்குள் வரலாம் என்று நாயகனுக்குக் கட்டளை போட்டால், கடைசியில் நம் கையில் மிஞ்சுவது கதையா, தீர்ப்பா?

கூடலூர்க்காரன்:
அண்ணா, தீர்ப்பு வேண்டாம். நான் என் வீட்டுக் கதை சொல்கிறேன்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் சிலோனும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது இங்கேதான், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அப்பா கொண்டுவந்த தகரப் பெட்டியை அவர் சாகும்வரை பிரிக்கவே இல்லை. திரும்பிப் போய்விடுவோம் என்பார். போகிற நாள் வருகிறது என்று வேலைக்குப் போகாமல் நாள் கணக்காக வாசலில் உட்கார்ந்திருப்பார். யாராவது போக முடியாது என்று சொன்னால் கை ஓங்குவார். அம்மா விடிகாலை மூடுபனியில் கூடை மாட்டிக்கொண்டு போய்ப் பச்சை இலை எடுத்துத்தான் எங்களுக்குச் சோறு வந்தது. அம்மாவுக்கும் சிலோனில் அண்ணன் தம்பி எல்லாம் இருந்தார்கள். அம்மா அழுததை நான் பார்த்ததே இல்லை.

ஏஹாபைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவுதான். அந்தத் தொலைந்த கால், எங்கள் தகரப் பெட்டி. டீச்சர், நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அப்பாவை நான் புரிந்துகொண்டதும் அந்தப் புத்தகத்தால்தான். அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து. இரண்டையும் சேர்த்து எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அரவேணு:
அழுத்தமான பதிவு, கூடலூர்க்காரரே. நான் செர்வாந்தஸின் ஸ்பானிய நாவல் 'டான் கிஹோத்தே' பற்றிச் சுருக்கமாக. வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த கிழவன். காற்றாலைகளை ராட்சசர்கள் என்று நினைத்துப் பாய்கிறவன். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் அவனுக்குத் தெளிவு வருகிறது. உயில் எழுதுகிறான். அதில், தன் சகோதரி மகள் அப்படிப்பட்ட கதைகளைப் படித்தவனைக் கட்டிக்கொண்டால் சொத்து கிடையாது என்கிறான். அவன் அலைந்த நாளெல்லாம் வீட்டில் கவலைப்பட்டுக் காத்திருந்தவள் அவள். சாகும் நேரத்தில் அவளைத்தான் நினைக்கிறான். அவனோடு அலைந்த பணியாள் சாஞ்சோவோ அழுதுகொண்டே, சாகாதீர்கள், எழுந்திருங்கள், மறுபடி போவோம் என்கிறான். பித்தால் அடிபட்டவன்தான் அந்தப் பித்தை மீண்டும் வேண்டுகிறான். கூடலூர்க்காரர் கேட்டதுக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
கூடலூர்த் தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஊட்டித் தம்பிக்கு: திருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும். கோவலனைப் பாருங்கள். அவனைவிடக் குறையுள்ள நாயகன் யார்? கொலைக்களக் காதையில், சாவதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணகியிடம் "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்" என்று சொல்லிவிடுகிறான். 'எழு' என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்று கலங்குகிறான். கண்ணகியும் பரவாயில்லை என்று பூசி மெழுகவில்லை. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்த ஒரு வரிக்கு இளங்கோ இடம் கொடுத்தார் பாருங்கள். நான் தேடுவது அதைத்தான். அவனை மன்னித்தேனா என்பது வேறு. அவளுக்குப் பேச ஒரு வரி கிடைத்ததா?

ஊட்டி வாசகன்:
டீச்சர், நேற்று ராத்திரி கரண்ட் போனதால் மெழுகுவர்த்தியில் ஏஹாபின் கடைசி அத்தியாயங்களைத் திரும்பப் படித்தேன். துணைக் கேப்டன் ஸ்டார்பக்கிடம் அவன் மனம் திறக்கும் இடம் ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு இளம்பெண்ணைக் கட்டியது, மறுநாளே கப்பலேறியது, உயிரோடு இருக்கும்போதே அவளை விதவையாக்கியது, எல்லாம் சொல்கிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் கடலில் விழுகிறது. உங்கள் கணக்குப்படி அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அவள் பெயர் என்ன என்று பின்னோக்கிப் புரட்டினேன். மொத்தப் புத்தகத்திலும் இல்லை. திமிங்கிலத்துக்குப் பெயர் இருக்கிறது. கப்பலுக்கு இருக்கிறது. மூன்று தடவை படித்தவன் நான், இதுவரை தேடியதே இல்லை.

கூடலூர்க்காரன்:
என் அம்மா பெயர் செல்லம்மா. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வருகிறேன்.